மழையோடு வரும் விருந்தாளிகள்

விடுமுறை தொடங்கியதும் "கடற்கரைக்குப் போவோம்" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கு நமது உம்மாமார் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: "இந்த மழைக்குள்ளயா? பேசாம வீட்டில இருங்க!"

அந்தப் பதிலில் நியாயம் இல்லாமல் இல்லை. மழையில் பயணம் போனால் நனைந்த உடுப்புகளைக் காயப்போடுவதும், தடிமன் பிடித்த பிள்ளைக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுப்பதும், அறைக்குள் அடைந்து கிடக்கும் பிள்ளைகளின் சண்டையைத் தீர்ப்பதும் யாருடைய தலையில் விழும்? எல்லாம் உம்மாவின் தலையில்தான். மற்றவர்களுக்கு விடுமுறை, அவருக்கு இடம் மாறிய அடுப்படி.

ஆனால் சகோதரிகளே, ஒரு விஷயத்தை நினைத்துப் பாருங்கள். நமது நாட்டில் வடகீழ்ப் பருவக்காற்று மழை கொட்டும் அதே மாதங்களில்தான், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து விருந்தாளிகள் கூட்டம் கூட்டமாக நம்மைத் தேடி வருகிறார்கள். கடவுச்சீட்டும் இல்லை, கையில் பையும் இல்லை. இரண்டு சிறகுகள் மட்டுமே. அவர்களைக் காண வேண்டுமானால் மழைக்காலத்தில்தான் கடலோரம் போக வேண்டும். அதற்கு மிகப் பொருத்தமான ஊர் மன்னார்.

மழைக்கும் பறவைக்கும் என்ன தொடர்பு?

ருஷ்யாவின் வடபகுதியிலும் மத்திய ஆசியாவிலும் ஆண்டு இறுதியில் நீர்நிலைகள் உறைந்துவிடுகின்றன. உறைந்த நீரில் பறவைக்கு உணவு கிடைக்காது. எனவே அவை தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. இந்தியாவைக் கடந்து இலங்கைக்கு வந்தால் அதற்கப்பால் தரை இல்லை. தென்துருவப் பனிக்கண்டம் வரை வெறும் சமுத்திரம்தான். ஆகவே அந்த நீண்ட வான் பாதையின் கடைசித் தரிப்பிடங்களில் ஒன்றாக நமது சிறிய தீவை வல்ல அல்லாஹ் ஆக்கி வைத்திருக்கிறான்.

பறவைகள் வந்து இறங்கும் வேளையில் இங்கே மழை. மன்னார் வரண்ட பிரதேசம். அதன் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான் பெய்கிறது. வெயில் காலத்தில் வெடித்துக் கிடந்த களப்புகளிலும் குளங்களிலும் நீர் நிறைகிறது. புழுவும் பூச்சியும் சிறு மீனும் பெருகுகின்றன. நாம் சலித்துக்கொள்ளும் மழை, அந்த விருந்தாளிகளுக்கு விரிக்கப்பட்ட ஸுப்ரா. மழையைக் கண்டால் அதைப் பயனுள்ள மழையாக ஆக்கும்படி நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்வார்கள் என்று ஹதீஸில் வருகிறதல்லவா? அந்தப் பயன் நமது வயலோடும் கிணற்றோடும் மட்டும் நின்றுவிடுவதில்லை.

ஸூறா அன்ஆமின் 38ஆம் வசனம், இரு சிறகுகளால் பறக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று கூறுகிறது. ஸூறா முல்க்கின் 19ஆம் வசனமோ, தலைக்கு மேலே சிறகை விரித்தும் மடக்கியும் செல்லும் பறவைகளைப் பார்க்கவில்லையா என்று நம்மிடம் கேட்கிறது. முல்க் ஸூறாவை இரவில் ஓதும் பழக்கமுள்ள வீடுகள் நம்மிடையே பல உண்டு. ஓதும் அந்த வசனத்தைப் பகலில் கண்ணால் பார்ப்பதற்கும் ஒரு பயணம் போகலாமே!

வழியில் ஒரு குளம்

கொழும்பிலிருந்து புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி வழியாக மன்னாருக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். மதவாச்சியைக் கடந்து மன்னாரை நெருங்கும்போது, வழியில் கட்டுக்கரைக் குளம் வரும். வேனை அங்கே சற்று நிறுத்தச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் அது கடல் போல விரிந்து கிடக்கும். நீர்க்காகங்கள் பட்ட மரங்களில் அமர்ந்து, உடுப்புக் காயப்போடுவது போலச் சிறகுகளை விரித்துப் பிடித்திருக்கும். வாத்துகளின் இறகில் நீர் ஒட்டுவதில்லை. வால் அடியிலுள்ள சுரப்பியிலிருந்து எண்ணெயைச் சொண்டால் எடுத்து இறகெங்கும் பூசிக்கொள்கின்றன. நீர்க்காகத்தின் இறகோ நனைந்துவிடும். ஆழத்தில் மூழ்கி மீன் பிடிக்க அந்த நனைவு உதவுகிறது. ஆனால் கரைக்கு வந்ததும் காயப்போட வேண்டியிருக்கிறது.

தாமரை இலைகளின் மேல் நடந்து திரியும் ஒரு பறவையையும் தேடிப் பாருங்கள். இலைக்கோழி என்பார்கள். அதன் கால்விரல்கள் மிக நீளமானவை. உடலின் பாரம் அகலமாகப் பரவுவதால் இலை அமிழ்வதில்லை. இந்தப் பறவையில் முட்டையிடுவது மட்டும்தான் பெண்ணின் வேலை. அடைகாப்பதும், குஞ்சு பொரித்த பின் அவற்றைக் கூட்டிச் சென்று வளர்ப்பதும் ஆண் பறவை! மழை வந்தால் குஞ்சுகளைத் தன் சிறகின் கீழ் அணைத்துக்கொள்வதும் அந்த வாப்பாதான்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது வேனின் முன் ஆசனத்தில் இருப்பவருக்கும் கேட்கும்படி சற்றுச் சத்தமாகச் சொல்லுங்கள்.

பாலத்தின் இரு பக்கமும்

மன்னார் ஒரு தீவு. பெருநிலத்திலிருந்து கடலுக்கு நடுவே நீண்ட ஒரு வீதி அதற்குச் செல்கிறது. அதிலுள்ள புதிய பாலம் 2010இல் திறக்கப்பட்டது. இந்த வீதியின் இரு பக்கமும் முழங்காலளவு நீரும் சேற்றுத் தரையும்தான். தொலைவிலிருந்து வந்த பறவைகள் இறங்கும் பெரும் பந்தல் இதுவே.

பெருநிலக் கரையில் உள்ள வங்காலைப் பகுதி 2008இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 4,839 ஹெக்டயர் பரப்பளவு கொண்டது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களைப் பாதுகாக்கும் ராம்சார் பட்டியலில் 2010இல் இது சேர்க்கப்பட்டது. புந்தல, ஆனைவிழுந்தான், மாதுகங்கை ஆகியவற்றுக்கு அடுத்து இலங்கையிலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்ற நான்காவது இடம் இது.

இங்கே எல்லோரும் முதலில் தேடுவது பூநாரையை. நின்றால் ஐந்தடி உயரம் வரை வரும். வெண்மையில் இளஞ்சிவப்புத் தோய்த்த உடல், சிறகை விரித்தால் செக்கச் சிவப்பு. குஞ்சாக இருக்கும்போது அது சாம்பல் நிறம்தான். உப்பு நீரில் வாழும் சிறு இறால் போன்ற உயிரினங்களிலும் பாசியிலும் உள்ள நிறச்சத்து உடலில் சேரச் சேரத்தான் இந்தச் சிவப்பு வருகிறது. எல்லா ஆண்டும் ஒரே அளவில் அவை வருவதில்லை. சில ஆண்டு ஆயிரக்கணக்கில், சில ஆண்டு விரல் விட்டு எண்ணும் அளவில். கிடைத்தால் அல்ஹம்துலில்லாஹ். கிடைக்காவிட்டாலும் பார்ப்பதற்குக் குறைவில்லை.

வால் ஊசியைப் போல நீண்ட ஊசிவால் வாத்துகள் ஆயிரமாயிரமாய் நீரில் மிதக்கும். சிவந்த நெடுங்கால்களில் உள்ளான்கள் நடைபயிலும். கறுப்பும் வெள்ளையுமாக, தடித்த சொண்டுடன் நண்டை உடைத்துத் தின்னும் ஓர் அரிய பறவையையும் சிலர் கண்டிருக்கிறார்கள். அரபு நாட்டுக் கடற்கரைகளில் மணலில் வளை தோண்டி முட்டையிடுவது அதன் வழக்கம். நமது முன்னோரில் பலர் பாய்மரத்தில் வந்த திசையிலிருந்து அது சிறகில் வருகிறது.

கடற்காகங்களைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் மன்னாரில் சில கடற்காகங்களைப் பிடித்து, அவை போகும் இடத்தைக் காட்டும் சிறு கருவியை முதுகில் பொருத்தி விட்டார்கள். அவை இந்தியாவையும் மத்திய ஆசியாவையும் கடந்து ருஷ்யாவின் வடகோடிப் பனிப்பிரதேசம் வரை சென்றன. பருவம் மாறியதும் மன்னாருக்கே திரும்பிவந்த பறவையும் உண்டு. வரைபடம் இல்லை, வழி கேட்க ஆளில்லை. வழி காட்டியவன் யார்?

சொண்டைப் பார்த்தால் சாப்பாடு தெரியும்

பறவைகளின் பெயர் தெரியாவிட்டால் பார்த்து என்ன பயன் என்று தயங்க வேண்டாம். பெயரைப் பிறகு தேடிக்கொள்ளலாம். முதலில் சொண்டையும் காலையும் பாருங்கள்.

பூநாரையின் சொண்டு நடுவில் வளைந்தது. தலையைத் தலைகீழாக நீருக்குள் விட்டு, சேற்று நீரை உள்ளே இழுத்து, வடிகட்டி வெளியேற்றும். நாம் தேயிலை வடிப்பதைப் போலத்தான். கரண்டிவாயனின் சொண்டு நுனியில் தட்டையான அகப்பை போல இருக்கும். அதை நீரில் இடமும் வலமுமாக வீசி, பட்டதைக் கவ்வும். உள்ளான்களில் சிலவற்றுக்குச் சொண்டு குட்டை. மேல் சேற்றில் கிடப்பதைப் பொறுக்கும். சிலவற்றுக்கு நீளம், ஆழத்தில் ஒளிந்திருக்கும் புழுவை இழுத்தெடுக்கும். கொக்குக்கு ஈட்டி போன்ற சொண்டு. மீனைக் கண்டால் ஒரே குத்து.

ஒரே சேற்றுத் தரையில் பல இனங்கள். ஆனால் ஒன்று உண்ணும் ஆழத்தில் இன்னொன்று பெரும்பாலும் தேடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கரண்டி, தனித்தனிக் கோப்பை. பறவைகள் காலையில் வெறும் வயிற்றோடு கூட்டைவிட்டுப் போய் மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்புவதை நபியவர்கள் தவக்குலுக்கு உதாரணமாகச் சொன்னதை நாம் கேட்டிருக்கிறோம். பறவை கூட்டிலேயே காத்திருப்பதில்லை, வெளியே போகிறது என்பதையும் பிள்ளைகளுக்கு இங்கே வைத்தே விளக்கலாம்.

பார்ப்பதற்கு ஏற்ற நேரம் நமது தொழுகை நேரங்களோடு பொருந்தி வருகிறது. ஸுபஹுக்குப் பின் இரண்டு மணி நேரமும், அஸருக்குப் பின் மஃரிப் வரையும்தான் பறவைகள் சுறுசுறுப்பாக இரை தேடும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றால் நிறங்கள் தெளிவாகத் தெரியும்.

மழை விடாமல் பெய்தால்?

பெரும்பாலான மழை நாட்களில் இடையிடையே ஓர் ஓய்வு கிடைக்கும். மழை விட்ட முதல் அரை மணி நேரம் பொன்னான நேரம். ஒதுங்கியிருந்த பறவைகள் அப்போதுதான் வெளியே வந்து இறகு கோதும், இரை தேடும்.

ஓயாமல் பெய்தால் வேனுக்குள் இருந்தே பாருங்கள். மனிதன் இறங்கி நடந்தால் பறக்கும் பறவைகள், நின்றிருக்கும் வாகனத்தை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. கண்ணாடியைச் சற்று இறக்கிவிட்டு வேனுக்குள் இருந்தே பார்க்கும்போது பர்தாவுடன் இருக்கும் பெண்களுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் வசதிதான். வாகனங்களுக்கு இடைஞ்சல் இல்லாத ஓரத்தில் நிறுத்துவது மட்டும் முக்கியம்.

தங்கும் இடத்தின் ஜன்னலும் ஒரு நல்ல இடமே. மன்னார்த் தீவில் மின்கம்பியில் இருக்கும் இரட்டைவால் கரிச்சானையும் வேலியோரம் ஓடும் கவுதாரியையும் பாருங்கள். இவ்வினங்கள் பெரும்பாலும் நாட்டின் வடக்கிலும் வடமேற்கிலுமே காணப்படுகின்றன. கண்டியிலிருந்தோ காலியிலிருந்தோ வருபவர்களுக்கு இவை புதியவை. ஒரு பழைய கொப்பியைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். திகதி, இடம், உடலின் நிறம், சொண்டு, கால், என்ன செய்துகொண்டிருந்தது என்று ஆறு நிரல்கள் போதும். வரையத் தெரிந்த பிள்ளை வரையட்டும். சண்டை குறையும்; பார்வை கூர்மையாகும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மழை எல்லாம் விளையாட்டு மழையல்ல. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நமது நாட்டில் நூற்றுக்கணக்கான உயிர்களைப் பறித்ததை மறக்கக் கூடாது. புறப்படுமுன் வானிலை அறிவிப்பைக் கேளுங்கள். ரயிலில் போக எண்ணினால் அது ஓடுகிறதா என நிலையத்தில் விசாரியுங்கள். எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வந்த பறவைகள் பல மார்ச் மாதம் வரை இருக்கும். இடி முழங்கும்போது வெட்டவெளிக் கரையில் நிற்க வேண்டாம். இக்காலக் கடலில் பிள்ளைகளைக் குளிக்க விடவும் வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

உம்மாவுக்கும் விடுமுறை

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பயணம் என்றால் சட்டி பானை, அரிசி, மிளகாய்த்தூள் எல்லாம் கட்டிக்கொண்டு போய், மற்றவர்கள் கடலைப் பார்க்க உம்மா அடுப்பைப் பார்ப்பது நம்மில் பலரின் வழக்கம். இம்முறை அதை மாற்றிப் பாருங்கள்.

காலையில் பாணும் சம்பலும், அல்லது ஊர்க் கடையில் வாங்கிய இடியப்பம். பிளாஸ்க்கில் சுடச்சுட இஞ்சித் தேத்தண்ணீர். மாசிச் சம்பலை வீட்டிலேயே செய்து போத்தலில் அடைத்துக்கொண்டால் மூன்று நாளைக்குத் தாங்கும். பகலுக்கு ஒரு நேரம் கடைச் சோறு வாங்கினால் குடும்பம் அழிந்துவிடாது. காலத்துக்கு ஏற்பக் கிடைக்கும் பனங்கிழங்கை அவித்துத் தின்பதே பிள்ளைகளுக்கு ஒரு விருந்து. நனைந்த உடுப்பைப் பிழிவதும் கோப்பை கழுவுவதும் மகன்மாருக்கும் வாப்பாவுக்கும் பங்காகட்டும். நபியவர்கள் வீட்டிலிருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் உதவியாக இருந்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அந்த ஸுன்னத்தை ஆண்கள் பயணத்திலாவது நடைமுறைப்படுத்தலாமே!

பைனாகுலர் ஒன்று இரவல் கிடைத்தால் அது எந்நேரமும் பையன்களின் கழுத்தில் தொங்க வேண்டியதில்லை. கால்மணி நேரம் உம்மாவுக்கும், மூத்தம்மாவுக்கும், வெட்கப்பட்டு ஒதுங்கும் மகளுக்கும் முறை வைத்துக் கொடுங்கள். யாரும் அழைக்காமல், யாரும் சாப்பாடு கேட்காமல், கால்மணி நேரம் ஒரு பறவையைப் பார்த்திருப்பது சிறிய காரியமாகத் தோன்றலாம். வருடம் முழுவதும் அப்படி ஒரு கால்மணி நேரம் கிடைக்காத பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள், அதன் பெறுமதியைச் சொல்வார்.

தொழுகையைப் பற்றியும் கவலை வேண்டாம். பயணத்தில் சேர்த்தும் சுருக்கியும் தொழ மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. உங்கள் தூரத்துக்கும் தங்கும் நாட்களுக்கும் உரிய சட்டத்தைப் புறப்படுமுன் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூத்தம்மா கண்ட மன்னார்

மன்னாருக்குப் போகிறவர்கள் பள்ளிமுனையிலுள்ள பெருக்க மரத்தைக் காணாமல் வருவதில்லை. அடிமரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். ஆபிரிக்காவுக்கு உரிய இம்மரத்தை அரபு வணிகர் கொண்டுவந்தனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மழைக்குக் கடைவாசல்களில் ஒதுங்கி நிற்கும் கழுதைகளையும் அவர்களோடு தொடர்புபடுத்திச் சொல்வார்கள். போர்த்துக்கேயர் 1560இல் கட்டத் தொடங்கி, பின்னர் ஒல்லாந்தர் வசமான கோட்டையும் பாலத்தை அடுத்தே இருக்கிறது. தீவின் மறு முனையில் தலைமன்னார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும் வரை, அங்கிருந்து கப்பல் இங்கே வந்து போனது.

ஆனால் நமது சமூகத்துக்கு மன்னாரில் இன்னொரு நினைவும் உண்டு. 1990 ஒக்டோபர் இறுதியில், விடுதலைப் புலிகளின் கட்டளையால் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரும், சுமார் 75,000 பேர், பிறந்த மண்ணை விட்டு வெளியேற நேர்ந்தது. எருக்கலம்பிட்டி போன்ற ஊர்களின் மக்கள் இதே கடலில் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். 2009இல் யுத்தம் முடிந்த பின் ஒரு பகுதியினர் திரும்பினார்கள். ஏனையோர் புத்தளத்திலும் பிற ஊர்களிலும் வேரூன்றிவிட்டார்கள்.

எனவே புத்தளத்து வாசகி ஒருவர் இப்பயணத்துக்குத் தன் மாமியையோ மூத்தம்மாவையோ அழைத்துச் சென்றால், மழையும் கடலும் அவருக்கு நம்மைப் போலத் தோன்றாமல் இருக்கலாம். அவர் பேசாமல் இருந்தால் அந்த மௌனத்தை மதியுங்கள். பேசத் தொடங்கினால் பிள்ளைகளை அருகில் இருத்திக் கேளுங்கள். எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளினார், எந்த ஒழுங்கையில் விளையாடினார், பூநாரைக் கூட்டத்தை எத்தனை வயதில் முதன்முதலில் கண்டார் என்று கேளுங்கள். பறவைக் கொப்பியின் பின்பக்கத்தில் அதையும் எழுதிக்கொள்ளட்டும். பறவை பனிக்காலம் முடிந்ததும் தன் இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. மனிதருக்குத் திரும்பும் வழி அவ்வளவு எளிதில் திறப்பதில்லை என்பதைப் பிள்ளைகள் புத்தகத்தில் படிப்பதைவிட அவர் வாயால் கேட்பது மேல்.

விருந்தாளிக்கு மரியாதை

படம் எடுப்பதற்காகப் பறவைக் கூட்டத்தைக் கல்லெறிந்தும் கத்தியும் பறக்கவைக்காதீர்கள். திரும்பிப் போகும் நெடும் பயணத்துக்கு அவை தின்று சேர்த்த சத்து ஒவ்வொரு வீண் பறத்தலிலும் கரைகிறது. ஒரு பயணத்தில் ஸஹாபாக்கள் சிலர் சிறு பறவையொன்றின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை தவித்துச் சிறகடித்ததையும், அதைக் கண்ட நபியவர்கள் குஞ்சுகளை உடனே திருப்பிக் கொடுக்கச் சொன்னதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

சாப்பிட்ட பொலித்தீன் பையையும் சோற்றுப் பார்சலையும் கரையில் விடாமல் வேனிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள். தீவின் தென்கரையில் வரிசையாக நிற்கும் 30 காற்றாலைகள் 2020 டிசம்பரில் இயங்கத் தொடங்கின. நாட்டுக்கு மின்சாரம் தேவை. பறவைக்கு வான்வழி தேவை. இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்பது அங்கே இன்னும் பேசப்படும் விஷயம். பெரிய பிள்ளைகளோடு அதையும் உரையாடுங்கள்.

கையோடு கொண்டு போக

குடை, மழைக்கோட்டு, ஆளுக்கு ஒரு மேலதிக சோடி உடுப்பு, வழுக்காத செருப்பு, துவாய் இரண்டு, நுளம்புச் சுருள், டோர்ச், கொத்தமல்லி ஒரு பொட்டலம், வழக்கமாகக் குடிக்கும் மருந்துகள், முஸல்லா, வெற்றுக் கொப்பி, பென்சில், குப்பை போட ஒரு பெரிய பை. இவ்வளவும் போதும்.

இந்தப் பயணம் எல்லோருக்கும் கைகூடாது என்பதும் தெரியும். வேன் கூலி இன்று சிறிய தொகையல்ல. போக முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். விருந்தாளிகளில் சிலர் வீடு தேடியே வருகிறார்கள். ஒக்டோபருக்குப் பின், மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்தை அண்டி, தோட்டத்து மூலையில் இரண்டு சீட்டியாக ஒரு குரல் கேட்கும். அது ஆறுமணிக் குருவி. பச்சை, நீலம், சிவப்பு என்று பல வண்ணம் பூசிய சின்னஞ்சிறு பறவை, பாக்குநீரிணையைக் கடந்து இந்தியாவிலிருந்து வருவது. காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் கூவுவதால் அந்தப் பெயர்.

அடுத்த மழைநாளில் குசினிக் கதவைத் திறந்து வைத்து அந்தக் குரலுக்குக் காது கொடுங்கள். அடுப்பிலிருப்பதை மகன் சற்று நேரம் கிண்டட்டும்.